பன்னிரண்டரை மணிப் பால்

பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லித்தான் என் அம்மா அத்திப்பட்டுக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதில் மூன்று புடவை, ஒரு டப்பா நிறையப் பிள்ளை மருந்து, கேழ்வரகு மாவு. அந்தப் பத்து நாள் எப்போது முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எழுபதுகளின் பின்பாதி அது. என் கணவருக்கு அத்திப்பட்டு ரயில்வே சரக்கு ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வாடகை வீடு, உப்பளக் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்திருக்கும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய், மூன்று மாதம் முடிந்து, மகளைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். எங்கள் இருவரையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகக் கூடவே வந்தவள்தான் அம்மா. வந்த வாரமே எனக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து வேலைக்கு நேரில் வரச் சொல்லி ஒரு கடிதம் வந்தது.

அங்கே புதிதாகத் தொழிற்பேட்டை வந்துகொண்டிருந்த நேரம். மின்விசிறிக்குள் வைக்கும் செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றுவதற்குப் பெண்களை எடுத்தார்கள். பதினோராம் வகுப்பு முடித்திருந்தால் போதும். நேரில் போனேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள், ஆகிவிட்டது என்றேன். குழந்தை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல நான் என்ன அசடா? ஆறு மாதம் பயிற்சி, அதில் லீவு போடாமல் வருகிறவர்களுக்கு வேலை நிரந்தரம், போடுகிறவர்களுக்கு வீடு நிரந்தரம் என்று ஆபீஸர் சொன்னார். அவருக்குத் தன் பேச்சு தனக்கே பிடித்திருந்தது. நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு போயிற்று. என் மகள் புட்டிப்பால் குடிக்க மாட்டாள். ரப்பரை வாயில் வைத்தாலே என்னைத் துரோகியைப் போலப் பார்ப்பாள். சங்கில் புகட்டினால் நாலு மடக்கு இறங்கும், ஐந்தாவதை ஊதிவிடுவாள். காலை ஏழரைக்கு ஆலைக்குள் நுழைந்தால் நாலு மணிக்குத்தான் வெளியே வர முடியும். ரயிலையும் சேர்த்தால் பன்னிரண்டு மணி நேரம். வேலையை விட்டுவிடு என்று என் கணவர் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். எனக்கு அந்த வேலை வேண்டும். ஏன் வேண்டும் என்று அப்போது என்னால் யாருக்கும் விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. படித்ததை வைத்து நான் செய்யப்போகிற முதல் காரியம், அவ்வளவுதான்.

அம்மா குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சோத்து மணி எத்தினிக்கு அடிப்பான்?"

"பன்னண்டரைக்கு."

"அடிச்சொடனே வெளிய வா. நான் கேட்டாண்ட கொயந்தய வச்சிக்கினு குந்திக்கினு இருப்பேன். இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற!"

தினமும் ரயிலிலா என்று நான் வாயைப் பிளந்தேன். ரயில் எதற்குத்தான் விட்டிருக்கிறான் என்றாள்.

இதில் ஆச்சரியப்பட எனக்கு உரிமையே இல்லை. அம்மாவை எனக்கு அறுபதுகளிலிருந்தே தெரியும். கடம்பத்தூரிலிருந்து வரப்பு வழியாக அரை மணி நடந்தால் எங்கள் ஊர். சொந்த நிலம், நெல். நான் பள்ளிக்கூடத்தில் படித்த பதினோரு வருஷமும் ஆறிய சோறு தின்றால் மூளை ஆறிவிடும் என்று மதியம் மதியம் சுடச்சுடச் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே ஜன்னலில் அவள் தலை தெரியும். வாத்தியாரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். வகுப்பே சிரிக்கும். நான் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

எட்டாவது படிக்கும்போது என் கன்னத்தில் ஒரு மரு வந்தது. திருவள்ளூர்ப் பெருமாள் கோயில் குளத்தில் அமாவாசைக்கு வெல்லம் கரைத்தால் மரு கரைந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மா விடுவாளா? ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு பெரிய உருண்டை வெல்லத்தோடு என்னை இழுத்துக்கொண்டு போனாள். மூன்றாவது அமாவாசையன்று கூட்டத்தில் அவள் கை என்னை விட்ட நேரம் பார்த்து முக்கால் உருண்டையை நான் தின்றுவிட்டேன். கால் உருண்டைதான் குளத்துக்குப் போயிற்று. மரு ஒரு மாதத்தில் உதிர்ந்தது. பார்த்தாயா பெருமாளை என்று ஊர் முழுக்கச் சொன்னாள். உண்மையை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் வந்தது. "அப்ப உள்ளேர்ந்து கரைஞ்சிருக்கும்" என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள்.

ஆகவே வைகாசியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன், அம்மாவும் சேர்ந்தாள். விடியற்காலையில் பாலைக் கொடுத்துவிட்டு நான் முதல் வண்டியில் போய்விடுவேன். அவள் வீட்டு வேலையை முடித்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்பதே முக்கால் பாசஞ்சரைப் பிடிப்பாள். கரி எஞ்சின். பொடி கண்ணில் விழாமல் இருக்கக் குழந்தையின் முகத்தைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். கும்மிடிப்பூண்டியில் இறங்கி அரை மணி நடை. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம் என்பதால், அன்றைக்கு மட்டும் எட்டே முக்காலுக்கே வீட்டை விட்டுக் கிளம்பி ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். வண்டி ராகு காலத்தில்தானே கிளம்புகிறது என்று என் கணவர் வம்புக்கு இழுப்பார். அது வண்டியின் பாடு மாப்பிள்ளை, நான் கிளம்பியது நல்ல நேரம் என்பாள். புதன்கிழமைகளில் நான் பால் கொடுக்கும் நேரமே ராகு காலம். அதற்கும் அவளிடம் தீர்ப்பு இருந்தது: பசிக்கு ராகுவும் கிடையாது கேதுவும் கிடையாது.

கேட்டுக்கு எதிரில் ஒரு புங்கமரம் இருந்தது. மூன்றாம் நாளே அதில் புடவையால் தூளி கட்டிவிட்டாள். காவலுக்கு இருந்தவர் ஆரம்பாக்கத்துக்காரர், தெலுங்கு பேசுகிறவர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். இங்கே கட்டக் கூடாது என்றார். "மரம் கேட்டுக்கு வெளியதானே கீது நைனா?" என்று அம்மா கேட்டாள். அவர் மரத்தைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். மறுநாள் அவரே கயிறு கொண்டு வந்து கொடுத்தார், புடவை முடிச்சு நழுவுகிறதாம்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் நான் ஓடுவேன். சாப்பாட்டு நேரம் அரை மணிதான். மரத்துக்குப் பின்பக்கம் அம்மா ஒரு புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, நான் உட்கார்ந்து பால் கொடுப்பேன். கொடுக்கும்போதே அம்மா என் வாயில் சோற்றை உருட்டி உருட்டிப் போடுவாள். நான் குழந்தைக்கு, அவள் எனக்கு. அந்த மாதங்களில் என் சொந்தக் கையால் மதியச் சோறு தின்றதாக எனக்கு நினைவில்லை. அவ்வளவு சந்தோஷமாகவும் நான் வேறெப்போதும் தின்றதில்லை.

ஒரு நாள் என் பக்கத்து மேஜைப் பெண் கம்பி சுற்றிக்கொண்டே அழுதாள். கவரைப்பேட்டையிலிருந்து வருகிறவள். அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. ஆறு மாதக் குழந்தையை அண்டை வீட்டில் விட்டுவிட்டு, அவளும் என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நான் அம்மாவிடம் சொன்னேன்.

"இட்டாந்து உடச் சொல்லு. ஒண்ணு ஆட்டறவளுக்கு ரெண்டு ஆட்டறது இன்னா பேஜாரா?"

அம்மா கவரைப்பேட்டையில் வண்டி நிற்கும் நேரத்தில் அண்டை வீட்டுக்காரியிடமிருந்து ஜன்னல் வழியாக அந்தக் குழந்தையை வாங்கிக்கொள்வாள். பிறகு பொன்னேரியில் ஒன்று. பிறகு கும்மிடிப்பூண்டியிலேயே ஒன்று. ஆடி மாதத்துக்குள் புங்கமரத்தில் நாலு தூளி. எங்களில் யாராவது ஒருத்தி மெஷினை விட்டு வர நேரமாகிவிட்டால், முதலில் வந்தவள் அழுகிற குழந்தையை எடுத்துப் பால் கொடுக்க வேண்டும். இது அம்மா போட்ட சட்டம். ஊரில் எந்தத் தெருப் பிள்ளையை எந்தத் தெருக்காரி தூக்கலாம் என்றெல்லாம் பார்த்தவள்தான் அவளும். அது இங்கே எப்படி மறந்துபோயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம்.

நடுவில் என் அப்பா அவளை அழைத்துப் போக வந்தார். எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் போல நாங்களும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். தன் அண்ணன் வீட்டுச் சோறு உப்புச் சப்பில்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவர். அம்மா அவரையும் பாசஞ்சரில் ஏற்றி, கையில் ஒரு குழந்தையைக் கொடுத்து, மரத்தடியில் உட்கார வைத்தாள். சாயங்காலம் தனியாக ஊருக்குத் திரும்பினார். "உங்கத்தை அங்க மேஸ்திரியா ஆயிட்டா. நான் இன்னாத்த சொல்லி இஸ்துக்கினு போறது?" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

புரட்டாசி வந்தது. எனக்கு இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. ஒரு நாள் கூட லீவு போடவில்லை. இந்த நேரம் பார்த்துக் காவல்காரர் ஒரு சேதி சொன்னார்: சென்னையிலிருந்து பெரிய மேனேஜர் நாளைக்கு வருகிறார், அவர் கண்ணில் படாமல் தூளிகளை அவிழ்த்துவிட்டு ஒரு நாள் மட்டும் தள்ளி உட்காருங்கள். நான் அம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். குழந்தை விஷயம் தெரிந்தால் நான் காலி என்றேன். சரி சரி என்றாள். அம்மா இரண்டு தடவை சரி சொன்னால் அதற்கு அர்த்தமே வேறு என்பது எனக்கு அந்தப் பதற்றத்தில் உறைக்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணி இருக்கும். நாங்கள் வேலை செய்யும் கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட் நேராகத் தெரியும். கார் வந்து நின்றது. காவல்காரர் கேட்டைத் திறக்க ஓடினார். அதற்குள் என் அம்மா சாலையைக் கடந்து வந்து, கார் சக்கரத்துக்கு முன்னால் எதையோ வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பச்சையாக இருந்தது. நாற்று முடி, ஒரு கைப்பிடிக் கட்டு. வழியில் நடவு நடந்துகொண்டிருந்த ஏதோ ஒரு வயலில் இறங்கிக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

எங்கள் பக்கம் நடவு நடக்கும்போது வரப்பில் பெரிய மனுஷர் யாராவது போனால், நடுகிற பெண்கள் ஒரு முடி நாற்றை அவர் காலடியில் வைத்து மறிப்பார்கள். எதையாவது கொடுக்காமல் அவர் அதைத் தாண்டக் கூடாது. பிச்சை இல்லை அது, வேலை செய்கிறவளுடைய உரிமை. கொடுத்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று கொடுப்பவரும் சிரித்துக்கொண்டே கொடுப்பார். அம்மாவைப் பொறுத்தவரை மகள் வேலை செய்கிற இடம் கழனி, காரில் வருகிறவர் கழனிக்குச் சொந்தக்காரர். இதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. குழப்பமெல்லாம் காருக்குள் இருந்தவருக்குத்தான்.

மேனேஜர் இறங்கினார். அவருக்குத் தமிழ் அரைகுறை. நாற்றைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். உள்ளேயிருந்து எங்கள் ஆபீஸர் ஓடி வந்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார், ஆனால் நாற்றைக் கண்டதும் அவர் முகம் மாறிப்போயிற்று. அவரும் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்து வீட்டுப் பிள்ளை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் எதையோ விளக்கிச் சொல்ல, மேனேஜர் சிரித்துவிட்டார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அம்மா வாங்கவில்லை. ஜன்னல் திறந்திருந்ததால் அவள் குரல் எங்கள் கூடம் வரைக்கும் கேட்டது.

"டப்பு வாணாம் சார். மழக்காலம் வருது. இந்தப் புள்ளைங்க தலைக்கு மேல ஒரு கூரை போட்டுக் குடு. குடிக்க ஒரு பானைத் தண்ணி. அவ்ளோதான்."

யார் குழந்தைகள் என்று கேட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. என் தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. தூளியிலிருந்து என் மகளை எடுத்து உயர்த்திக் காட்டினாள். இன்னொரு கையால் நேராக என்னைக் காட்டினாள்.

"இது என் பேத்தி. தோ, மூணாவது ஜன்னலாண்ட நிக்கிறா பாரு, அவ பெத்தது. அவ பக்கத்துல குனிஞ்சிக்கினு கீறாளே, அவுளுது இது."

நாலு பேரையும் காட்டிக் கொடுத்துவிட்டாள், ஒருத்தியும் பாக்கியில்லை. நான் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பன்னிரண்டரைக்குப் பால் கொடுக்கும்போது அம்மா ஊட்டிய சோற்றை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் போய்விட்டிருந்தார். ஆபீஸர் என் காகிதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குழந்தை இருக்குன்னு சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே சார்." எப்படித்தான் அந்தப் பதில் வந்ததோ.

வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். அஞ்சு மாசம், ஒரு நாள்கூட லீவு இல்லை, அந்த மூணு பேரும் அப்படித்தான் என்றார். பிறகு ஜன்னல் வழியாகப் புங்கமரத்தைப் பார்த்தார். அம்மா வழக்கமாகத் திரும்புகிற இரண்டு மணி வண்டிக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"குழந்தைக்காரங்க லீவு போடுவாங்கன்னுதான் நாங்க எடுக்கத் தயங்கறது. நீ போடலை. அதுக்குக் காரணம் நீயில்லைம்மா, வெளியில உக்காந்திருக்காங்க. போ, போய் வேலையைப் பாரு. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கூரைக்கு ஷீட் போடச் சொல்லிட்டு மேனேஜர் போயிருக்காரு."

இத்தனை பெண்கள் வேலை செய்தால் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறதென்பதைப் பிற்பாடு யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் நாற்று முடிதான்.

சாயங்கால வண்டியில் சேர்ந்து திரும்பினோம். வேலை தப்பித்த சந்தோஷத்தில் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. கெஞ்சிச் சொன்னேனே, காட்டிக் கொடுத்தாயே, வேலை போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பொரிந்து தள்ளினேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். மின்சாரக் கம்பங்களுக்கு அப்பால் நடவு முடிந்த வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நீ கைக்கொயந்தையா இருந்தப்ப உன்ன வரப்புல தூளியில போட்டுட்டு நட்டுக்கினு இருப்பேன். நீ அழுவ. நட்டுக்கினு வர்ற பத்தி முடியாம வரப்பு ஏறக்கூடாதுன்னுவா உங்க ஆயா, என் மாமியாக்காரி. நம்ம சொந்தக் கழனிதான், ஆனா நானே ஏறிட்டா கூலிக்காரிங்களும் ஏறுவாளுங்களாம். நீ அங்க கத்துவ, எனக்கு இங்க பால் பீச்சிக்கினு சேத்துல ஊத்தும். அத்தப் பாத்துக்கினே நடுவேன்." மடியில் தூங்கும் குழந்தையின் காலைத் தடவினாள். "உனுக்கு அப்டி ஊத்தக் கூடாது. அவ்ளோதான்டி."

என் அம்மா எனக்காக அலைகிறாள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காக மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தூக்குச் சட்டியில் மிச்சமிருந்த மதியச் சோற்றை எடுத்து அவள் வாயில் ஒரு கவளம் போட்டேன். ஆறிப்போன சோறு. மூளைக்கு ஆகாது என்று சொல்லாமல் தின்றாள்.

ஐப்பசியில் வேலை நிரந்தரமாயிற்று. மழைக்கு முன்பே ஷீட்டும் போட்டுவிட்டார்கள். பொங்கல் முடிந்தபோது என் மகள் குழையக் குழையப் பருப்புச் சோறு தின்ன ஆரம்பித்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொம்ப நல்ல மகளைப் போல, அம்மாவிடம் சொன்னேன்.

"இனிமே நீ ரயில்ல அலைய வேணாம்மா. பகல்ல அவளுக்குப் பால் தேவையில்ல. வீட்லயே வெச்சுப் பாத்துக்க. கொஞ்சம் ரெஸ்ட் எடு."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"உன் வேலய நெலைக்க வச்சிக்கினே. என்ன நிறுத்திட்டே. அப்டித்தானே?"

நானும் என் கணவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு முழுவதும் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே உருண்டன.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. எட்டு மாதப் பழக்கம், என் கால் தானாகவே சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போயிற்று. ஷீட்டுக்குக் கீழே ஆறு தூளி. என் மகள் தரையில் உட்கார்ந்து காவல்காரரின் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் அம்மா ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, காலால் இன்னொரு தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னு சொன்னேனேம்மா."

"நீதானே வாணான்னே? இதுங்க சொல்லலையே. போ, போயி சோறு துன்னு, மணி அடிச்சிடப் போறான்."

கவரைப்பேட்டைக்காரி ஓடி வந்து தன் குழந்தையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, கிண்ணத்திலிருந்து சோற்றை உருட்டி அவள் வாயில் போட்டாள். நான் என் டப்பாவைத் திறந்து, என் கையாலேயே அள்ளித் தின்றபடி அங்கேயே நின்றேன். மணி அடிக்கும் வரைக்கும் அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அவ்வளவு வேலை இருந்தது.